கரும்புக்காட்டுச் சர்தாரும் மேக்னீட்டோவும்: காமிக்ஸ் வில்லன் ஆழம் பெறுவது எப்படி?

சனிக்கிழமை_வகுப்பு (சாட்ஸ்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வளர்ந்த பிள்ளைகளைப் பாடநூலை மட்டும் காட்டி உட்காரவைக்க முடியாது என்பதால், இந்த ஆண்டு ஆளுக்கொரு சித்திரக்கதை எழுதி வரைந்து வரும்படி கேட்டிருந்தேன். பதினைந்து வயது மாணவன் ஒருவன் 24 பக்கக் கதையொன்றைத் தொடங்கியிருக்கிறான். கதை 1890களில் நட்டாலின் கரும்புத் தோட்டம் ஒன்றில் நடக்கிறது. மதராஸில் கப்பலேறி ஒப்பந்தக் கூலியாக வந்த இளம்பெண் ஒருத்தி நாயகி. அவளையும் அவளோடு வந்தவர்களையும் மேய்க்கும் சர்தார், அதாவது கங்காணிதான் வில்லன். அவனும் தமிழன், அவனும் ஒரு காலத்தில் அதே போலக் கப்பலில் வந்தவன்.

எட்டுப் பக்கங்கள் முடிந்துவிட்டன. கோடுகள் அவ்வளவு அழகாக இருக்கின்றன. ஆனால் முதல் பக்கத்தில் சாட்டையோடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற சர்தார், எட்டாம் பக்கத்திலும் அப்படியேதான் நிற்கிறான். "இவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என்ன செய்வான்?" என்று கேட்டேன். "டீச்சர், அவன் வில்லன், அவனுக்கு வீடு இல்லை" என்றான். மறுவாரம் தானாகவே ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டு வந்தான்: சர்தாரின் தாய் அவன் சிறுவயதில் பட்டினியால் இறந்துவிட்டாள், அதனால்தான் அவன் கொடியவன் ஆனான் என்று. அதுவும் எனக்கு நிறைவாக இல்லை. பின்னால் கொண்டுவந்து ஒட்டிய தாளைப் போல அந்தப் பக்கம் தனியாகத் தெரிகிறது. ஆனால் ஏன் அப்படித் தெரிகிறது என்பதை அவனுக்கு விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. காமிக்ஸில் ஊறிய நீங்கள் சொல்லுங்கள்: ஒரு வில்லன் வெறும் தடையாக இல்லாமல் மனிதனாக வளர்வது எந்த இடத்தில் நிகழ்கிறது?

இரும்புக்கை_ரசிகன் (டர்பன்)

வணக்கம் அக்கா. விழுப்புரம் பக்கத்தில் பிறந்து, முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவன் நான். உங்கள் மாணவனின் எட்டுப் பக்கச் சர்தாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் உலகத்தின் மிகப் பெரிய காமிக்ஸ் நிறுவனங்களே பல ஆண்டுகள் அந்த எட்டாம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தன.

மேக்னீட்டோவை எடுத்துக்கொள்வோம். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963 செப்டம்பரில் வந்த எக்ஸ்-மென் (பிறவியிலேயே விந்தை ஆற்றல் பெற்றவர்களின் குழு) முதல் இதழில் அவனை அறிமுகப்படுத்தியபோது, அவன் ஓர் ஏவுகணைத் தளத்தைப் பிடித்துக்கொண்டு மனித குலத்தை அடக்கி ஆள்வேன் என்று முழங்குகிற ஆள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவன் திரட்டிய கூட்டத்தின் பெயரிலேயே 'தீய' என்ற சொல் இருந்தது. தன்னைத் தானே தீயவன் என்று அழைத்துக்கொள்ளும் மனிதன் எந்த ஊரிலும் கிடையாது. இதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, குற்றவாளியின் மேல் வாசகருக்கு இரக்கம் வரும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது என்றும், ஒவ்வொரு கதையிலும் நன்மையே வென்று குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்றும் விதித்திருந்தது. அந்த முத்திரை இல்லாத இதழ்களைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். 1971இல்தான் அந்த விதி தளர்ந்தது.

1975இல் கிறிஸ் கிளேர்மாண்ட் எக்ஸ்-மென் கதைகளை எழுதத் தொடங்குகிறார். 1981 அக்டோபரில் 150ஆவது இதழ் வருகிறது. மேக்னீட்டோ அதில் உலக நாடுகளை மிரட்டுகிறான், தன் மேல் ஏவுகணை செலுத்திய சோவியத் நீர்மூழ்கியை அதிலிருந்த மாலுமிகளோடு கடலடியில் மூழ்கடிக்கிறான். பிறகு சண்டையில் எக்ஸ்-மென் குழுவிலுள்ள கிட்டி ப்ரைட் என்ற சிறுமியைத் தாக்கி வீழ்த்துகிறான். அவள் இறந்துவிட்டாள் என்று எண்ணி அருகே போய்ப் பார்க்கும்போதுதான், தான் அடித்தது ஒரு குழந்தையை என்பது அவனுக்கு உறைக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் தன் குடும்பத்தார் சாவுக்கு ஓட்டிச் செல்லப்பட்டதை அப்போதுதான் அவன் வாய்விட்டுச் சொல்கிறான். பதினெட்டு ஆண்டுகளாக வந்துபோன ஒரு வில்லனின் பிள்ளைப் பருவம் வாசகனுக்கு முதன்முதலில் தெரிவது அந்த இடத்தில்தான்.

உங்கள் மாணவன் சேர்த்த பக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை எனக்கு இப்படிப் படுகிறது: பையன் சர்தாரின் பழைய துயரத்தை அவனுடைய கொடுமைக்குச் சமாதானமாகச் சொல்கிறான். கிளேர்மாண்ட் மேக்னீட்டோவின் பழைய துயரத்தை அவன் மேலேயே குற்றச்சாட்டாகத் திருப்புகிறார். எனக்குச் செய்தவர்களைப் போலவே நானும் ஆகிவிட்டேன் என்பதை அவன் அந்தச் சிறுமியின் பக்கத்தில் மண்டியிட்டபடி உணர்கிறான்.

வடகரை_முதியவர்

தம்பி சொன்னதைக் கவனமாகப் படித்தேன். நானும் சிறுவனாக இருந்தபோது டர்பன் கிரே தெருப் பக்கம் பழைய இதழைக் கொடுத்து வேறு இதழை மாற்றி வாங்கிப் படித்தவன்தான். இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல் என்பதால் எங்கள் தலைமுறைக்குப் படக்கதையை விட்டால் வேறு கதி இல்லை. ஆனாலும் இந்த விவாதம் போகும் திசை எனக்குக் கவலை தருகிறது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேக்னீட்டோ கற்பனை. சர்தார் கற்பனை இல்லை. என் பாட்டனார் நட்டாலின் வடகரையில் ஒரு தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு வேலை செய்தவர். முதல் ஆண்டில் ஆணுக்கு மாதக் கூலி 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு 1 ஷில்லிங் கூடும். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. காய்ச்சலில் கிடந்தவன் கணக்கும் அதே கணக்குத்தான். யார் வந்தார், யார் வரவில்லை, யார் பங்கு வேலையை முடித்தார் என்று துரையிடம் சொன்னவன் சர்தார். பாட்டனாரின் முதுகில் இருந்த தழும்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பூரானைப் போல நீளமாக, விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக இருக்கும். அதைப் போட்ட கை வெள்ளைக்காரன் கை இல்லை, நம் மொழி பேசியவன் கை.

அந்தக் கைக்கு இரக்கம் தேடித் தருவதுதான் ஆழம் என்றால், அந்த ஆழம் எனக்கு வேண்டாம். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் அமர்வுகளை 1996 முதல் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பொது மன்னிப்புக் கேட்டு வந்த 7,112 விண்ணப்பங்களில் 849 பேருக்கே அது கிடைத்தது. செய்ததை முழுவதும் சொல்ல வேண்டும், அது அரசியல் நோக்கத்தோடு செய்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டதே தவிர, வருந்த வேண்டும் என்று கேட்கவில்லை. ஆகவே ஒருவன் ஏன் செய்தான் என்பதை முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகும் அவனை மன்னிக்க முடியாமல் வீடு திரும்பிய தாய்மாரை இந்த நாடு பார்த்திருக்கிறது. பையனிடம் இதையும் சொல்லுங்கள் அம்மா.

தூரிகைக்காரி (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

ஐயா, உங்கள் பாட்டனாரின் தழும்பைப் பற்றிப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. விளம்பரங்களுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைந்து பிழைப்பவள் நான். நீங்கள் அஞ்சுகிற அந்தத் தவறு காமிக்ஸில் மிக எளிதாக நடந்துவிடுகிறது என்பதை என் தொழிலிலிருந்து ஒப்புக்கொள்கிறேன். வில்லனின் முகத்தில் கண்களைச் சற்றுப் பெரிதாக்கி, புருவத்தின் உள்முனையை மேலே தூக்கி, கன்னத்தில் ஒரு நிழல் வைத்தால் போதும். வாசகன் அவனுக்காக இரங்கத் தொடங்கிவிடுவான். அந்த இரக்கத்தை நாங்கள் மையால் வரவழைக்கிறோம். கதை அதைச் சம்பாதித்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் சோகமான கடந்தகாலம் எப்போதுமே ஒட்டுத்தாள் ஆகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 1959இல் பேட்மேன் இதழில் மிஸ்டர் ஸீரோ என்ற பெயரில் ஒரு வில்லன் வந்தான். பனித் துப்பாக்கி வைத்துக்கொண்டு வைரம் திருடுவான், அதைத் தவிர அவனிடம் எதுவும் கிடையாது. பிற்பாடு மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாறியும் அவன் பெரிதாக மாறவில்லை. 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காகப் பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கிய ஒரே ஒரு பாகம் அவனை அடியோடு வேறு ஆளாக்கிவிட்டது. நோயுற்ற மனைவி நோராவை உறைபனியில் காப்பாற்றி வைத்துக்கொண்டு மருந்து தேடிய விஞ்ஞானி அவன்; செலவைப் பார்த்த நிறுவனத் தலைவன் அந்தச் சோதனையை நிறுத்த உத்தரவிட்டபோது நேர்ந்த விபத்து அவன் உடலைக் கெடுத்துவிட்டது. பிறகு அந்தக் கதைதான் காமிக்ஸுக்குள்ளும் போய் நிலைத்தது.

அது ஏன் ஒட்டுத்தாளாகத் தெரியவில்லை என்று பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவனிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றைத்தான் டினி எடுத்தாள்கிறார். குளிர் அதுவரை அவனுக்கு வெறும் ஆயுதம். இந்தக் கதையில் அதுவே அவனுடைய நோய், அவனுடைய துக்கம், அவன் மனைவி கிடக்கும் பெட்டி எல்லாமும் ஆகிவிடுகிறது. கண்ணாடிக் குண்டுக்குள் சுழலும் ஒரு சிறிய நடனப் பெண் பொம்மையை அவன் பார்த்துக்கொண்டிருப்பதாகக் காட்டும் காட்சியில், கடந்தகாலம் அவன் கையிலேயே இருக்கிறது. உங்கள் மாணவனின் கதையில் தாயின் பட்டினிச் சாவுக்கும் சர்தார் கையிலிருக்கும் சாட்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால்தான் அந்தப் பக்கம் தனித்துத் தெரிகிறது. சாட்டைக்குப் பதில் அவன் கையில் என்ன இருந்தது என்பதை வடகரை ஐயாவே சொல்லிவிட்டார். யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கு.

மாரிட்ஸ்பர்க்_மாணவன்

எல்லோரும் வில்லனுக்கு ஆழம் வேண்டும் என்பதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு பேசுவதால், மறுபக்கத்தையும் வைக்க விரும்புகிறேன். ஜோக்கர் 1940இல் பேட்மேன் முதல் இதழிலேயே வந்தவன். இத்தனை ஆண்டுகளாகியும் அவனுக்கு உறுதியான பெயரோ ஊரோ கிடையாது. ஆலன் மூர் எழுதி பிரையன் பொலண்ட் வரைந்த 1988ஆம் ஆண்டுக் கதை, பிழைக்க வழியில்லாத ஒரு நகைச்சுவை நடிகனின் கதையை அவன் பழங்கதையாகக் காட்டுகிறது. ஆனால் அதே கதையில் ஜோக்கர் தன் கடந்தகாலம் தனக்கு ஒவ்வொரு விதமாக நினைவுக்கு வருவதாகச் சொல்லி, வாசகன் அதை நம்ப முடியாதபடி செய்துவிடுகிறான். காரணம் தெரியாத கொடுமைதான் அவனிடம் நாம் அஞ்சுவது. அவனை விளக்கிவிட்டால் அவன் சிறுத்துவிடுவான். ஆகவே எல்லா வில்லனும் வளர்ந்தாக வேண்டும் என்பதில்லை அல்லவா?

இரும்புக்கை_ரசிகன்

தம்பி கேட்டது சரியான கேள்வி. ஜோக்கர் வளர்வதில்லை, அவனை எதிர்கொள்ளும் பேட்மேன்தான் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகிறான். ஆனால் சர்தாரை ஜோக்கராக எழுத முடியாது. அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்பது தோட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும்.

இதோடு இன்னொரு பொய்யான வழியையும் மாணவனுக்குக் காட்டிவிட வேண்டும். கட்சி மாறுவதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இருவருமே குற்றவாளிகளாகத் தொடங்கியவர்கள்தான். 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தோன்றி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, கதையின் தொடக்கத்தில் தன் மறையும் ஆற்றலைக் கொண்டு குற்றம் செய்யப் புறப்பட்ட ஆய்வுக்கூட உதவியாளன். ஸ்பைடரும் (ஸ்பைடர்-மேன் அல்ல, பிரிட்டிஷ் காமிக்ஸின் ஸ்பைடர்) 1965இல் குற்ற உலகத்துக்கே அரசனாகப் போவதாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தான். இருவரும் சில கதைகளுக்குள் நல்லவர்கள் பக்கம் வந்துவிட்டார்கள். மாயாவி மாறியபோது அவனிடமிருந்த பழைய நெருப்பும் அணைந்துபோயிற்று என்று எனக்குத் தோன்றும், அவனை எவ்வளவு நேசித்தாலும். ஸ்பைடர் அப்படி இல்லை. குற்றவாளிகளைப் பிடிக்கப் போனாலும் பழைய அகந்தை, தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற பேச்சு, உடனிருப்பவர்களை வேலைக்காரர்களைப் போல நடத்துவது எதையும் அவன் விடவில்லை. ஆள் அதே ஆளாக இருந்தபடி செயல் மட்டும் வேறாகும்போது நமக்கு அவனை நம்ப முடிகிறது.

வடகரை ஐயாவின் கவலைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் துகில் உரியும் கூத்தைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டிக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தில் ஒரு துளி கருணை இருக்காது. சேலையை இழுக்கும் வேகத்தைப் பார்த்து நாங்கள் அழுவோம். நடிப்பவரின் மனச்சாட்சியும் துச்சாதனனின் கொடுமையும் ஒரே மேடையில் இருந்தன, ஒன்று மற்றொன்றைக் குறைக்கவில்லை. உங்கள் மாணவனிடமும் அது முடியும் என்று நம்புகிறேன்.

வடகரை_முதியவர்

கூத்தைப் பற்றித் தம்பி எழுதியது என்னை யோசிக்க வைத்தது. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

கோயிலில் இராமாயணம் படிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். முதல் நாள் போரில் தோற்ற இராவணன் இலங்கைக்குத் திரும்பும் பகுதி நேற்று நினைவுக்கு வந்து, புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். திசை யானைகளோடு பொருத மார்பையும், மலையை எடுத்த தோளையும் சொல்லி, அத்தனையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கை புகுந்தான் என்கிறார் கம்பர். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பின்னால் வருவது. அரண்மனையில் தனியே கிடக்கும் இராவணன் எதற்காக வெட்கப்படுகிறான்? வானத்தவர் சிரிப்பார்கள், மண்ணிலுள்ளோர் சிரிப்பார்கள், பகைவர் எல்லாம் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் அவன் நாணவில்லை. சானகி சிரிப்பாளே என்பதற்காகத்தான் நாணத்தால் சாம்பிப் போகிறான்.

அவன் செய்த குற்றத்தைக் கம்பர் அந்த இடத்தில் அணுவளவும் குறைக்கவில்லை. சீதை இன்னும் சிறையில்தான் இருக்கிறாள். ஆனால் உலகமே பார்த்தாலும் கூசாத ஒருவனுக்கு, ஒரே ஒருத்தியின் பார்வை மட்டும் தாங்க முடியாததாக இருக்கிறது என்று தெரிந்த கணத்தில், அவனுக்கு ஓர் உள்வீடு வந்துவிடுகிறது. நான் இரக்கத்தை எதிர்த்தேன். இது இரக்கம் இல்லை என்பதால் இதை ஏற்கிறேன். அம்மா, பையனிடம் கேளுங்கள்: அந்தத் தோட்டத்தில் சர்தார் யார் கண்ணைப் பார்க்கக் கூசுவான்?

இரும்புக்கை_ரசிகன்

ஐயா, நாங்கள் இத்தனை பத்திகளில் தேடியதை ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள். 150ஆவது இதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எக்ஸ்-மென் முழுப் படையும் திரண்டு வந்தும் மேக்னீட்டோ அசையவில்லை, அவர்களின் ஆசான் சேவியரின் அறிவுரையும் அவனிடம் எடுபடவில்லை. கண்ணை மூடிக் கிடந்த ஒரு யூதச் சிறுமிதான் அவனைத் தன்னையே பார்க்க வைத்தாள். அவள் அவனிடம் எதையும் பேசக்கூட இல்லை.

கிளேர்மாண்ட் அதை அந்த ஒரு காட்சியோடு விட்டுவிடவும் இல்லை. 1985 டிசம்பர் தேதியிட்ட 200ஆவது இதழில் மேக்னீட்டோ பாரிஸில் நீதிமன்றத்தின் முன் நிற்கிறான், நீர்மூழ்கியில் இறந்த மாலுமிகளின் சாவு அவன் கணக்கில் வைத்தே பேசப்படுகிறது. விசாரணை தாக்குதலால் குலைந்து தீர்ப்பில்லாமலே போகிறது. சாகும் நிலையில் இருக்கும் சேவியர் தன் பள்ளியையும் பிள்ளைகளையும் அவனிடம் ஒப்படைக்கிறார். தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை, தலையில் ஒரு பொறுப்பு மட்டும் வந்து விழுகிறது. வடகரை ஐயா சொன்ன ஆணையத்தின் நினைவு எனக்கு அங்கேதான் வந்தது. முழுதாகச் சொல்லி முடித்த பிறகும் எதுவும் முடிந்துவிடுவதில்லை.

மனவருத்தத்தோடு சொல்கிறேன், அந்த வளர்ச்சியை நிலைக்க விடவில்லை. 1991இல் கிளேர்மாண்ட் விலகினார். 1993இல் வந்த கதையில் மேக்னீட்டோ எக்ஸ்-மென் வீரன் வோல்வரினின் எலும்பிலிருந்த உலோகத்தை உடலைக் கிழித்து உருவி எடுக்கிறான். இடையில் நடந்த எல்லாமே வீணாகிவிட்டது போல அந்த இதழைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. விற்கும் வில்லனை நல்லவனாக வைத்திருக்கத் தொடர் இதழ்கள் விரும்புவதில்லை. உங்கள் மாணவனுக்கு அந்த நெருக்கடி கிடையாது, அவன் கதை 24 பக்கத்தில் முடிந்துவிடும். அந்தச் சுதந்திரத்தை அவன் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தூரிகைக்காரி

வடகரை ஐயாவின் கேள்வியைப் படமாக எப்படி வரைவது என்று மூன்று நாளாக யோசித்தேன், அதை மட்டும் சொல்கிறேன்.

நட்டாலுக்கு வந்த கப்பல்களின் பதிவேடுகளில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் எண் உண்டு. தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம் இவற்றோடு உடலில் உள்ள அடையாளம் என்றும் ஒரு பத்தி உண்டு. இடது தோளில் தழும்பு, நெற்றியில் வடு என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். சர்தாரும் ஒரு நாள் அந்தப் பத்தியில் ஒரு வரியாக நின்றவன்தான். பையன் சர்தாரின் கடந்தகாலத்தைக் காட்ட விரும்பினால், பட்டினித் தாயை வரையாமல், அந்தப் பதிவேட்டின் ஒரு வரியை மட்டும் ஒரு கட்டத்தில் வரையட்டும். அடுத்த கட்டத்தில் வேலைக்கணக்குப் பேரேட்டில் சர்தார் எழுதும் வரி. இரண்டும் ஒரே அளவு, ஒரே கோணம், இரண்டிலும் ஒரு கை. ஒட்டுவது என்பதே தேவைப்படாது. வாசகன் கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் தானாகச் சேர்த்துக்கொள்வான்.

இன்னொன்று. எட்டுப் பக்கத்திலும் சர்தாரின் முகம் கோபத்தில் இருக்கிறது என்றீர்கள். கோபத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். அவன் யாரைப் பார்த்துக் கூசுகிறானோ, அந்த ஆள் இருக்கும் கட்டங்களில் மட்டும் அவன் முகத்தைக் காட்டாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். முதுகு, தலைப்பாகை, கை. டாக்டர் டூம் என்ற வில்லனின் முகமூடி 1962 முதல் அந்த வேலையைத்தான் செய்துவருகிறது. மறைத்த முகத்தை வாசகர்கள் அறுபது ஆண்டுகளாக மனத்தில் வரைந்துகொண்டே இருக்கிறார்கள்.

வடகரை_முதியவர்

ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்கிறேன், பையன் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும். கதையை 1890களிலிருந்து 1902 வாக்கில் கொண்டுவந்து வைத்தால் சர்தாருக்கு நிகழ்காலத்திலேயே ஓர் அச்சம் கிடைக்கும். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் விழ வேண்டும், அல்லது ஆண்டுக்கு 3 பவுண்ட் தலைவரி கட்ட வேண்டும். 3 பவுண்ட் என்றால் 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் கூலிக்காரனுக்கு அது ஆறு மாதக் கூலி. சர்தாருக்குக் கூலி அதிகம். அந்த வேலை போனால் தான் விரட்டிய ஆட்களோடு தானே வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் சாட்டையை இறுகப் பிடித்திருப்பதற்கு அது போதும், செத்துப்போன தாயைக் கூப்பிட வேண்டியதில்லை. அவனை மன்னிக்கும்படி நான் சொல்லவில்லை என்பதையும் பையன் தெரிந்துகொள்ளட்டும்.

மாரிட்ஸ்பர்க்_மாணவன்

என் பழைய கருத்தை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். ஜோக்கர் யார் பார்வைக்கும் கூசமாட்டான், ஆகவே அவன் வளரவும் மாட்டான். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. அக்கா, அந்தப் பக்கம் தயாரானதும் இங்கே சொல்லுங்கள்.

சனிக்கிழமை_வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்து மாணவனிடம் கொடுத்தேன். இரண்டு சனிக்கிழமை அவன் எதுவும் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒன்பதாம் பக்கத்தைக் கொண்டுவந்தான். தாய் இறக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டான்.

நீங்கள் சொன்ன எதையும் அவன் அப்படியே செய்யவில்லை. நாயகியைப் பார்த்துச் சர்தார் கூசுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் வேறொரு கிழவியைக் கொண்டுவந்திருக்கிறான். சர்தார் வந்த அதே கப்பலில் வந்தவள், கப்பலில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி ஊட்டியவள். கப்பல் உறவு என்பது இரத்த உறவுக்குக் குறைந்ததல்ல என்று அவனுடைய ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறானாம். அந்தக் கிழவி ஒரு நாள் வேலைக்கு வரவில்லை.

பக்கத்தில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் சர்தார் பேரேட்டில் எழுதுகிறான்: இரண்டு நாள் கூலி பிடித்தம். இரண்டாவதில் கிழவி வாசலில் நிற்கிறாள். சர்தாரின் முகம் இல்லை, தலைப்பாகையின் பின்புறம் மட்டும் தெரிகிறது. மூன்றாவதில் கிழவியின் பேச்சுக் குமிழ்: "எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. என் பேருக்கு நேரே என்ன எழுதினே?" நான்காவது கட்டம் முழுவதும் வெள்ளை, ஓரத்தில் மைக்கூடு மட்டும்.

"இவன் அதை அடித்துவிடுவானா?" என்று கேட்டேன். "இல்லை டீச்சர், அடித்தால் துரைக்குத் தெரிந்துவிடும், எழுதினது எழுதினதுதான்" என்றான். ஐந்தாவது கட்டத்தில் பேரேடு திறந்தபடி இருக்கிறது. மை இன்னும் காயவில்லை. எழுதிய வரியின் மேல் சர்தார் தன் உள்ளங்கையை விரித்து வைத்திருக்கிறான்.